417-ஆம் எண் சிலிண்டர்

என் லாரன்சுக்கு,

மலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செண்பகனூர் வளைவில் மத்தியானம் மூன்று மணிக்கே பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறது. நிலையத்து வாட்ச் ரூம் கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்க நீ வைத்திருந்த பழைய துண்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. யாரும் எடுத்துப் போடவில்லை.

நீ உயிரோடு இருந்தபோது ஆறு வருடம் உன்னோடு பேசாதவன், நீ போய் மூன்று வருடம் கழித்துக் கடிதம் எழுதுகிறான். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, ஊரறிய எழுதுகிறேன். உன்னை ஊரறியத்தானே திட்டினேன்?

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் இருவரும் ஒரே நாளில் தீயணைப்பு வேலையில் சேர்ந்தோம். நான் பழனிக்காரன். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவன். நீ செண்பகனூர்க்காரன். இந்த வேலைதான் வேண்டும் என்று வந்தவன். ஸ்டெல்லாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை என்று உன் கல்யாணத்தில் அண்ணன் இடத்தில் என்னை நிறுத்தினீர்கள். நெற்றி நிறைய விபூதியோடு மாதா கோவில் வாசலில் நின்றேன். அன்றிலிருந்து நான் உனக்கு மச்சான்.

ஆயுத பூஜை அன்று நீ வாட்ச் ரூமில், தீ அழைப்பு வருகிற போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய், நாங்கள் பூஜை போடுவோம். கிறிஸ்துமஸ் அன்று அதே நாற்காலியில் நான் உட்காருவேன், நீ வீட்டுக்குப் போவாய். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு அது. அதை முறித்தவனும் நான்தான்.

புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்கிற மூச்சுக் கருவி, நம் பேச்சில் பி.ஏ. செட், அப்போது நம்மிடம் ஆறு இருந்தது. ஆறு சிலிண்டரும் ஒரே மஞ்சள். நிரம்பியதற்குப் பச்சைச் சீட்டு, செலவானதற்குச் சிவப்புச் சீட்டு. அட்டையில் ஓட்டை போட்டு நூலில் கட்டியது. சிலிண்டருக்கென்று தனி எண் எதுவும் நாம் எழுதியதில்லை. ராக்கில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் அதன் பெயர்: முதலாவது, இரண்டாவது, ஆறாவது. காற்று நிரப்ப மலையிறங்க வேண்டும் என்பதால் ஏதாவது ஒரு சிலிண்டர் எப்போதும் சிவப்புச் சீட்டோடு நிற்கும்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அழைப்பு வந்தது. ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த மெத்தைகள் எரிந்தன. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. நான் பச்சைச் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு செட்டை மாட்டினேன். நம் நிலையத்துக் கருப்பையாவும் நானும் இறங்கினோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, காற்று தீரப்போகிறது என்கிற விசில் என் தோளில் அலற ஆரம்பித்தது. ஹோஸைத் தடவிக்கொண்டே தவழ்ந்து திரும்பினேன். கடைசிப் படியில் மூச்சை இழுத்தால் முகமூடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வாந்தியெடுத்தேன். விடுமுறைக்கு மலையேறி வந்திருந்தவர்கள் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. மாட்டுவதற்கு முன் காற்றழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தீர்களா? சீட்டு பச்சையாக இருந்தது என்றேன். நான் சீட்டைக் கேட்கவில்லை, முள்ளைக் கேட்டேன் என்றார். மெமோவில் அந்தச் சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த எண்ணை எழுதியிருந்தார்கள். அதன் கடைசி மூன்று இலக்கம் 417. என் பதவி உயர்வு நின்றது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வேன்.

அந்த மாதம் செட்டுகள் உன் பொறுப்பு. கீழே கொண்டுபோய் நிரப்பி வந்தவனும் நீ. எனக்கு வேறு யார் வேண்டும்? வண்டிகள் நிற்கிற கூடத்தில், எல்லோருக்கும் முன்னால், உன்னைக் கைநீட்டிக் கத்தினேன்.

“இவன் சீட்டக் கலந்து வச்சதுய்யா. என்னையக் கொல்லப் பாத்தான்.”

வாட்ச் ரூம் வாசலில் கையில் பேனாவோடு நின்றாய். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் காலையில் என்னைப் பார்த்து “டூட்டி மாத்திக்கிறீங்களா சார்?” என்றாய். அதற்குப் பிறகு நீ என்னை மச்சான் என்று கூப்பிடவே இல்லை.

அந்தக் கத்தல் அன்றோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது நிலையத்தில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது சாவியை மாற்றி மாட்டினால், காப்பியில் உப்பைப் போட்டால், “என்னலே, லாரன்ஸ் வேல பண்ணிட்டியா?” என்பார்கள். உன் காது படவே சொன்னார்கள். நீ போன பிறகும் சொன்னார்கள். உன்னைப் பார்த்தே இராத புதுப் பையன்களும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்து கேட் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் ஒரு கை மண் அள்ளிப் போட்டார்கள். நான் போடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

இனி, நீ இல்லாத நாட்களின் சேதி. இந்த வருடம் புதிய நிலைய அலுவலர் வந்தார். பெண். என்னைவிட இருபது வயது இளையவர். அதற்காகவே எனக்கு அவர்மேல் கோபம். வந்த வாரத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: “தண்டபாணி அண்ணே, நீங்க எம்.எஸ்சி. பிசிக்ஸாமே. இந்த பி.ஏ. செட் எல்லாம் எது எப்ப டெஸ்ட் பண்ணது, எது எங்க இருக்குன்னு ஒரு நம்பர் போட்டு ஒழுங்கு பண்ணித் தாங்க. எனக்கு இத வேற யார்ட்டயும் குடுக்கப் பயமா இருக்கு.” எம்.எஸ்சி. படித்தவனுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் பழைய கதை வேண்டும். எப்போது நிரப்பினார்கள், எப்போது சோதனைக்குப் போனது, எவ்வளவு செலவானது. அதற்காகப் பரணிலிருந்து பழைய பதிவேடுகளை இறக்கினேன். எலி கொறித்தது போக மிச்சம் இருந்தது. உன் பக்கங்களைத் தேட வேண்டியதே இல்லை. மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் நீ சின்னதாக ஒரு சிலுவை போட்டிருப்பாய்.

அந்த ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்தைய பக்கம். எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றை நீ செய்திருந்தாய். ராக்கில் இருக்கிற இடத்தை எழுதாமல், ஆறு சிலிண்டரின் கழுத்து எண்ணையும் பார்த்து எழுதி, எதிரில் முள் காட்டிய அழுத்தத்தையும் எழுதியிருந்தாய். ஐந்து நிரம்பியவை. ஆறாவது வரி: “417. பயிற்சியில் பாதிக்கு மேல் செலவு. சிவப்புச் சீட்டு கட்டியுள்ளேன். அடுத்த முறை கீழே அனுப்பவும்.”

நீ சிவப்பு கட்டிய 417-ஐ நான் பச்சையில் எடுத்து மாட்டியிருக்கிறேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பூஜை நாள். காலை எட்டு மணி முதல் சாயங்காலம் அழைப்பு வந்த நிமிடம் வரை, மணிக்கு மணி உன் கையெழுத்து. நாள் முழுக்க நீ போனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாய். அப்படியானால் சீட்டு எப்படி மாறியது?

பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நினைவு வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நினைவை உன் பெயரை வைத்து மூடியிருந்தேன்.

அன்று சிலிண்டர்களை ராக்கிலிருந்து இறக்கி, கொலுப்படி மாதிரி அடுக்கிப் படம் எடுப்போம் என்று சொன்னது நான். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு, மேல் படியில் ஒன்று, நடுவில் இரண்டு, கீழே மூன்று என்று வைத்தேன். சந்தனம் பட்டு அட்டை ஊறிவிடுமே என்று ஆறு சீட்டையும் அவிழ்த்துப் பொரித் தட்டில் போட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். சூடம் காட்டிய பிறகு எல்லாவற்றையும் தூக்கி ராக்கில் வைத்தேன், கைக்கு வந்த வரிசையில். சிவப்பு ஆறாவது இடத்தில் இருந்தது என்று நினைவு. ஆறாவது இடத்தில் நின்றதற்குச் சிவப்பைக் கட்டினேன். மற்றதற்கெல்லாம் பச்சை. சிலிண்டர் இடம் மாறியிருக்கும் என்று எம்.எஸ்சி. பிசிக்ஸுக்குத் தோன்றவில்லை.

உன்னைத் திட்டியபோது உன் கையில் பேனா இருந்தது. பக்கத்து மேஜையில் இந்தப் பதிவேடு இருந்தது. நாலு எட்டு நடந்து அதைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருக்கலாமே, லாரன்ஸ். ஏன் எறியவில்லை?

அந்தக் கேள்வியோடு டவுன் பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஸ்டெல்லா கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று ஆரம்பித்துவிட்டேன். முழுக்கக் கேட்கவில்லை அவள்.

“உள்ள வாங்கண்ணே. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறதுக்கா ஒம்பது வருஷம் கழிச்சு வந்தீங்க?”

படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஒரே ஒரு முறை சொன்னாயாம். வாட்ச் ரூம் கண்ணாடி வழியாக, நான் சீட்டுகளைப் பொரித் தட்டிலிருந்து பொறுக்கிக் கட்டுவதைப் பார்த்தாயாம். போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாயாம். போனை விட்டு நகர முடியாமல் இருந்தபோதே அழைப்பு வந்துவிட்டதாம்.

“விசாரணையில சொன்னா மச்சானுக்கு ரெண்டு தப்பு ஆயிரும்னாரு. கேஜ் பாக்காதது ஒண்ணு, சீட்ட மாத்துனது ஒண்ணு. வேலையே போயிரும்னாரு. அதான் வாயத் தொறக்கல.”

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் எனக்கு உன்னைத் திருப்பிக் கொடுத்தது.

“ரொம்பப் பெரிய மனுஷன்னு நெனச்சுக்காதீங்கண்ணே. அவருக்கும் கோவம் கெடந்துச்சு. ‘அவனா வந்து கேக்கட்டும், அப்ப சொல்றேன்’னு ஒக்காந்திருந்தாரு. ஆறு வருஷம். வாசக் கேட்டுச் சத்தம் கேட்டாப் போதும், நீங்களோன்னு எட்டிப் பாப்பாரு. இல்லன்னதும் ஒங்களத் திட்டுவாரு.”

என்னென்ன திட்டினான் என்று கேட்டேன். சொன்னாள். இங்கே எழுத முடியாது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக உன்னை நினைத்துச் சிரித்தேன். நீ மன்னித்துவிட்டுப் போனவன் என்றால் எனக்குத் தாங்கியிருக்காது. என்னைப் போலவே வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தவன் என்றால் தாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அங்கே இருந்தபோதுதான் உறைத்தது. நான் கிறிஸ்துமஸுக்கு அந்த நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். நீ நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் ஆறு ஆயுத பூஜைக்கு எங்களுக்காக நீ வாட்ச் ரூமில் உட்கார்ந்திருக்கிறாய்.

நடந்ததை எழுதி அலுவலரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இப்ப எதுக்குண்ணே? மேல போனா உங்களுக்குத்தான் சிக்கல்” என்றார். அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன வரும்? தெரியவில்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வுகளைத் தின்றவர்கள் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதெல்லாம் ஒரே மழையில் கரையாது. ஆனால் அந்தக் கோபப் பட்டியலில் முதலில் இருந்த உன் பெயரை அடித்துவிட்டேன்.

வேலையைச் சொல்கிறேன், கேள். உன் முறைதான் இப்போது நிலையத்து முறை. ராக்கில் நிற்கிற இடத்துக்குப் பெயர் கிடையாது. கழுத்து எண்தான் சிலிண்டரின் பெயர். அதே எண்ணைப் பெரிதாகச் சிலிண்டரின் வயிற்றிலும் எழுதியிருக்கிறேன். முகமூடிக்கும் முதுகுப் பலகைக்கும் தனித்தனி எண் உண்டு. எது எதனோடு போனது, யார் மாட்டினார்கள், எப்போது கழுவினார்கள், எல்லாம் பதிவேட்டில் இருக்கும்.

சீட்டே வேண்டாம் என்று ஆக்கியதுதான் எனக்குப் பெருமை. பழனியில் பஞ்சாமிர்த டப்பா மூடியின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருப்பார்கள் அல்லவா? மூடியைத் திறந்தால் பட்டை கிழிந்துவிடும். என் அண்ணன் கடையில் அதை ஒட்டி ஒட்டித்தான் நான் வளர்ந்தேன். நிரப்பி வந்த சிலிண்டரின் வால்வுக்குக் குறுக்கே அந்த மாதிரி ஒரு பட்டை ஒட்டுகிறோம், எண்ணும் கையெழுத்தும் போட்டு. யாராவது வால்வைத் தொட்டால் கிழிந்துவிடும். பட்டை கிழிந்த சிலிண்டரை நிரம்பியது என்று யாரும் பொய் சொல்ல முடியாது. அவிழ்த்து வேறொன்றில் கட்டவும் முடியாது. பட்டை எங்கே வாங்குவது என்று கேட்க அண்ணனுக்குப் போன் செய்தேன். கடையையும் வீட்டையும் தானே வைத்துக்கொண்ட அண்ணன்தான். பட்டையைப் பற்றி மட்டும் பேசினோம். அதுவே நாலு வருடத்தில் பேசிய முதல் பேச்சு.

இந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை ராக்கின் மரச்சட்டத்தில் மட்டும் வைக்கச் சொன்னேன். கருப்பையாவுக்குப் பிடிக்கவில்லை. “சாமிக்கே ரூல்ஸ் போடுறீங்களேண்ணே” என்றான். சூடம் ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து நடந்ததைச் சொன்னேன். கொலுப்படி, பொரித் தட்டு, 417, நீ எழுதிய வரி, எல்லாம். ராக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன். சொல்லி முடித்தேன். கருப்பையாதான் கேட்டான்.

“அப்ப இத்தன வருஷமா நாங்க ஓட்டுனது ஒங்களத்தானா?”

சிரித்துவிட்டார்கள். நானும். அன்று சாயங்காலமே யாரோ வண்டிச் சாவியை மாற்றி மாட்ட, “தண்டபாணி வேல பண்ணாதலே” என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்தது.

பத்து நாளில் செண்பகனூர்ப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. ஒரு மாணவர் விடுதியின் சாமான் அறையில் தீ. சமையல்கார அம்மா எதையோ எடுக்க உள்ளே போனவர் வெளியே வரவில்லை. புகை ஜன்னல் வழியாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கருப்பையாவும் இன்னொருவனும் செட்டை மாட்டினார்கள். கருப்பையா கையில் எடுத்தது எது தெரியுமா? வயிற்றில் பெரிதாக 417.

பட்டையைக் கிழித்து வால்வைத் திறந்தான். வெரசா போகத் துடித்தவன், நின்றான். கேஜைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினான். முள் நிறைவில் நின்றது.

“லாரன்ஸ் பாத்தாச்சு” என்றான்.

அப்படிச் சொல்ல யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவனும் தன் கேஜைக் காட்டி அதையே சொன்னான். இரண்டு பேரின் பெயரையும் அழுத்தத்தையும் நேரத்தையும் பலகையில் எழுதிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்தக் காற்று எத்தனை நிமிடம் வரும் என்று தெரியும், எப்போது கூப்பிட வேண்டும் என்றும் தெரியும். ஆனாலும் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கூப்பிட வேண்டிய நிமிடத்துக்கு முன்பே, அந்த அம்மாவை இருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விசில் அடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தவராம். உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

இப்போது நிலையத்தில் கேஜைப் பார்த்ததற்கு அதுதான் சொல். காலையில் செட்டுகளைச் சரிபார்க்கும்போது ஒருவன் கேட்கிறான், “லாரன்ஸ் பாத்தாச்சா?” இன்னொருவன் பதில் சொல்கிறான். நாளைக்கு ஆறு தடவையாவது உன் பெயரைக் கேட்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லாவோடு வருகிறேன். அன்று போடாத மண்ணை இப்போது போட முடியாது. மெழுகுவத்தி ஏற்றுகிறேன், காற்று விட்டால். பிறகு டிசம்பரில், கிறிஸ்துமஸ் அன்று, நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஜோசப்பை வெள்ளனே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாட்ச் ரூம் நாற்காலியில் நான் உட்காருவேன். இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், வேலையில் இருக்கிற வரை. உன் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பேன். என் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டு, ராக்குக்குப் போய் ஒவ்வொன்றின் கழுத்தையும் முள்ளையும் கண்ணால் பார்த்து வந்து எழுதுவேன். முதல் வரியில் 417.

இப்படிக்கு,
இனி உனக்குச் சார் இல்லாத,
உன் மச்சான்
தண்டபாணி